நாற்பத்து மூன்று வரிகள்

ஐந்து பேர் எழுதிய மென்பொருள்.
பெயர் ஆலா.
நாலாயிரத்துச் சொச்சம் வரிகளில்
நாற்பத்து மூன்றுதான் என்னுடையவை.
ஐஸ் தொழிற்சாலைக் கணக்கை மூடிய இரவுகளில்
கட்டி உடைக்கும் சத்தத்துக்குள் இருந்து எழுதினேன்.
எத்தனை பாகையில் வந்தாலும்
காற்றை அதன் பெயர்சொல்லிக் கூப்பிடும் வரிகள்:
வாடை, கொண்டல், சோழகம், கச்சான்.
இடைத்திசைகளுக்கு மட்டும்
இரண்டு கிழமை வாடி வாடியாக அலைந்தேன்.

முதல்நாளே உரிமத்தை ஒட்டியவள் சஃப்ரினா.
காப்புரிமை அல்ல, அளிப்புரிமை:
யாரும் எடுக்கலாம், திருத்தலாம், விற்கவும் செய்யலாம்,
திருத்தியதை இன்னொரு கையில் கொடுத்தால்
திறந்தபடியே கொடுக்கவேண்டும்.
நாங்கள் யாரும் அதை வாசிக்கவில்லை.
கிண்ணியாப் பாலத்தில் நின்று
கச்சான் தின்றோம்.
காற்றையல்ல, வறுத்ததை.

பிறகு கொழும்பிலிருந்து ஒரு கம்பனி வந்தது.
தரவுக்குப் பணம் கட்டுவார்களாம்,
கற்பிட்டி முதல் முல்லைத்தீவு மட்டும் கொண்டுபோவார்களாம்,
சஃப்ரினாவுக்கு வேலையாம்.
உரிமத்தை மட்டும் மாற்றவேண்டும்.
எழுதிய ஐவரும் ஒப்பமிடவேண்டும்.
நான்கு வந்துவிட்டன.
பாலையூற்று பெர்டினன்ட் லண்டனிலிருந்து
ஒரு பெருவிரல் படமும் சேர்த்து அனுப்பியிருந்தான்.

கோட்டை வாசலில் தாளோடு நின்றாள்.
"அறுபது போனுக்குள்ள இரிக்கி எங்கட சுதந்திரம்.
அறுபதும் திருக்கடலூர்."
"பூட்டிப்போடுவாங்கள்."
"பூட்டட்டும். பழைய பிரதி திறந்துதானே கிடக்கு?
குடுத்த பிறகும் கையை விடாமப் பிடிச்சிருந்தா
அது குடுத்ததா?"
"கையைப் பிடிக்கேல்ல.
வாங்கினவன் அடுத்தவனுக்குக் கதவைச் சாத்தக்கூடாது,
அவ்வளவுதான்."
"அதுவும் பூட்டுத்தான்.
திறப்பு மட்டும் உன்ட இடுப்பில."
"ஒட்டினது நீதானே?"
"அப்ப எனக்குக் கடன் இல்ல."

அதற்குள் ஒரு மான் வந்து
மூன்றாம் பக்கத்தின் மூலையைத் தின்றுவிட்டது.
இந்த ஊரில் மானுக்கு உரிமையாளர் இல்லை,
யாரிடம் முறையிட?
அவள் சிரித்தாள். நானும் சிரித்தேன்.
ஒப்பம் இடவில்லை.

பெருமையாகத்தான் இருந்தது, மூன்று நாள்.
நான்காம் இரவு
அந்தப் பெயர்கள் ஒவ்வொன்றாக வந்து
தலைமாட்டில் நின்றன.
ஒருவர் பிழையாகச் சொல்ல
பக்கத்து வள்ளத்தில் இருந்தவர் திருத்தியது,
வலை பொத்தியபடியே இன்னொருவர்
தாடையால் திசை காட்டியது.
நான் யாரிடமும்
ஒப்பம் வாங்கியிருக்கவில்லை.

அவர்கள் என் வரிகளை வெட்டி எடுத்தார்கள்.
பத்து நாள் வேலை, அவ்வளவுதான்.
நீலச் சின்னத்தோடு புதுச் செயலி.
மாதம் முந்நூற்றைம்பது ரூபாய்.
மீன் விலை, அலை உயரம், எச்சரிக்கை மணி
எல்லாம் எங்களுடையதைவிடத் திறம்,
இதைச் சொல்லத்தான் வேண்டும்.
ஐப்பசியில் அந்த மணி கேட்டு
ஏழு வள்ளங்கள் நேரத்தோடு கரைக்கு வந்தன.
மீண்டவர்களில் ஒருவரிடமும்
உரிமம் என்ன என்று நான் கேட்கவில்லை.

என் போனில் ஆலா இன்னும் இருக்கிறது,
முழுதாகத் திறந்தபடி.
தரவுக்குக் காசு கட்ட ஆளில்லாமல்
மாசி பதினெட்டாம் திகதிக் காற்றையே
பெயர்சொல்லிக் கூப்பிட்டுக்கொண்டு.

நேற்று ஐஸ் ஏற்ற வந்த தருமரெத்தினம்
நீலச் செயலியை என் மூக்கடியில் நீட்டினார்.
"நாளைக்கு இருநூத்தி எழுபதாம்.
அதென்ன காத்து பிள்ளை?"
"கச்சான்" என்றேன்.
வாயால் சொல்வதற்கு
எந்த உரிமமும் இல்லை, எந்தத் தடையும் இல்லை.
"அதை அப்பிடியே எழுதினா என்னவாம்
இவங்களுக்கு?"

பதில் நீளம்.
ஐஸ் கரைந்துகொண்டிருந்தது.